மூன்று லட்சம் கடனும் மாதம் 4,500 ரூபாயும்: வீட்டுச் செலவிலிருந்தே கடனை அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதச் சம்பளத்தில் ஓடும் பல வீடுகளில் கடன் ஒரே நாளில் வந்து உட்காருவதில்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஆவணியில் வரிசையாகக் கல்யாண மொய், ஐப்பசியில் தீபாவளி. எல்லாம் வருவது தெரிந்த செலவுதான். முன்கூட்டி ஒதுக்காததால் கார்டைத் தேய்க்கிறோம், நகையை வைக்கிறோம். அடுத்த மாதம் வட்டி போக மிஞ்சுவது மளிகைக்கே பற்றாமல் கைமாற்று கேட்கிறோம். இந்தச் சுற்றை அன்றாடச் செலவிலிருந்தே நிறுத்த முடியும். ஆனால் செலவைக் குறைத்தால் மட்டும் போதாது. டீயைக் குறைத்து மிச்சமான பணம் அதே கணக்கில் கிடந்தால் வார இறுதிக்குள் வேறு ஏதாவது ஒன்றுக்குப் போய்விடும். குறைத்த தொகை செலவாகும் முன்பே கணக்கை விட்டு வெளியேற வேண்டும், முதல் மூன்று மாதம் அவசரப் பணத்துக்கு, பிறகு கடனுக்கு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்த்துக் கையில் வருவது 42,000 ரூபாய்.

எல்லாக் கடனும் ஒரே தாளில்

முதல் வேலை, கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கடன் விடாமல் எழுதுவது. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிய கடன் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் போட்ட திட்டமெல்லாம் வீணாகும், வீட்டில் நம்பிக்கையும் போகும்.

நம் உதாரண வீட்டின் தாள் இது:

கிரெடிட் கார்டு பாக்கி 60,000, மாதம் கட்டுவது குறைந்தபட்சத் தொகை 3,000.
அடகுக் கடையில் நகைக் கடன் 80,000, இரண்டு வட்டி, மாதம் 1,600.
பர்சனல் லோன் பாக்கி 1,20,000, மாதத் தவணை 5,800, இன்னும் 24 மாதம்.
தண்டல் 10,000, நாளுக்கு 100 வீதம் 100 நாள்.
மச்சானிடம் கைமாற்று 30,000, வட்டி இல்லை.

மொத்தம் மூன்று லட்சம். மாதாமாதம் வெளியே போவது 13,400, சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அடுத்து, ஒவ்வொன்றின் வட்டியையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். “ரெண்டு வட்டி” என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம். கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால், அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்து 4.13 ஆகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 சதவீதம். 60,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டியும் வரியும் 2,478 ரூபாய். நீங்கள் கட்டுகிற 3,000-இல் அசலுக்குப் போவது வெறும் 522. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறவருக்கு வருஷக் கணக்கில் பாக்கி அசையாமல் நிற்பது இதனால்தான். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 45 நாள் சலுகை என்பது முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்கு மட்டும்.

தண்டலில் பத்தாயிரத்துக்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்திருந்தால், அதன் உண்மையான வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டும். “பிளாட் 12 சதவீதம்” என்று விற்கப்படும் கடனையும் நம்ப வேண்டாம். ஒரு லட்சத்துக்கு 24 மாதம் 5,167 கட்டினால், அசல் குறையக் குறைய வட்டி குறையாததால், உண்மையில் அது 21 சதவீதத்துக்கும் மேல். கடன் கொடுக்கும் வங்கியிடமும் நிதி நிறுவனத்திடமும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் இருந்தாக வேண்டும்.

புதுக் கடன் வரும் வழியை அடைத்தல்

இதற்கு மன உறுதியைவிட போனில் அரை மணி நேர வேலை அதிகம் உதவும். ஷாப்பிங் செயலிகளில் சேமித்து வைத்த கார்டு விவரங்களை நீக்குங்கள். “இப்போது வாங்கு, பிறகு கொடு” வசதியை அணையுங்கள். வங்கிச் செயலியில் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனை, டேப் செய்து கட்டுவது இரண்டையும் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. யு.பி.ஐ.யோடு இணைத்த ரூபே கிரெடிட் கார்டு இருந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள். பத்து ரூபாய் வடைக்கும் அதிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

பிறகு யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பக்கத்தைத் திறந்து பாருங்கள். மறந்துபோன ஓ.டி.டி., இலவச மாதம் என்று தொடங்கிய ஏதோ ஒரு செயலி எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். போனிலிருந்து செயலியை நீக்கினால் பணம் பிடிப்பது நிற்காது, அந்தப் பக்கத்தில்தான் ரத்து செய்ய வேண்டும்.

வட்டியில்லாத் தவணை என்று வரும் விளம்பரத்தில் பொருளின் தள்ளுபடி போய்விடும், பிராசசிங் கட்டணமும் வட்டிமேல் ஜி.எஸ்.டி.யும் நம் தலையில் விழும். கடன் அடையும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். வாங்கியவர் கட்டாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, ஜாமீன்தாரருக்கும் அதே அளவு பொறுப்பு உண்டு. சொந்தத்தில் கேட்டால் மறுப்பது கஷ்டம். வார்த்தையை முன்பே தயாராக வைத்திருங்கள்: “மாமா, இந்தக் கடனெல்லாம் முடியிற வரைக்கும் யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம்னு வீட்ல சேர்ந்து முடிவு பண்ணிட்டோம், தப்பா நினைக்காதீங்க.” வீட்டின் முடிவு என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும், உறவும் கெடாது.

முப்பது நாள் எழுதுங்கள்

எங்கே வெட்டுவது என்பதை ஊகத்தில் முடிவு செய்தால் தவறான இடத்தில் வெட்டுவோம். ஒரு மாதம் எல்லாச் செலவும் எழுதப்பட வேண்டும். நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: “செவ்வாய்: பால் 50, பெட்ரோல் 200, டீ வடை 40, தக்காளி வெங்காயம் 90, பிள்ளைக்கு சார்ட் பேப்பர் 20, ராத்திரி பரோட்டா 420.” யு.பி.ஐ. வரலாறு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதில் கடைக்காரர் பெயர் இருக்கும், என்ன வாங்கினோம் என்பது இருக்காது. தூங்கும் முன் இரண்டு நிமிடம், அந்தப் பட்டியலைப் பார்த்தே நோட்டில் எழுதலாம்.

மாதம் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். இல்லாமல் முடியாதது, குறைக்கக்கூடியது, வேண்டாதது. இதைக் கணவனும் மனைவியும் தனித்தனியே செய்து பிறகு ஒப்பிட்டால் இன்னும் நல்லது. ஒருவருக்கு வேண்டாததாகத் தெரிவது மற்றவருக்கு அந்த நாளின் ஒரே ஆறுதலாக இருக்கலாம். அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே வெட்டினால் நிற்கும்

உதாரண வீட்டில் மாதம் 4,500 ரூபாய் இப்படி வந்தது.

பெரிய பங்கு இரவுச் சாப்பாட்டிலிருந்து. மாதம் ஆறு முறை வெளியே வாங்கியது, முறைக்கு 450. அதை இரண்டாகக் குறைத்தால் 1,800. வெளிச் சாப்பாடு வாங்குவதற்குப் பெரும்பாலும் ஆசை காரணமல்ல, ஏழரை மணிக்குக் களைத்து வந்து நிற்கும்போது வீட்டில் மாவு இல்லை என்பதுதான் காரணம். ஆகவே சட்டம் போடுவதைவிட, இருபது நிமிடத்தில் இறக்கக்கூடிய ஐந்து பொருள் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பாருங்கள்: ரவை, சேமியா, முட்டை, அப்பளம், ஊறுகாய் அல்லது பொடி. ஞாயிறு மாலை நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து வீதம் அரைத்தால், பிரிட்ஜில் வியாழன்வரை தாங்கும். வெள்ளி இரவுதான் ஆபத்தான இரவு. அன்றைக்கு என்ன என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு முறையையும் செயலியில் வாங்காமல் நேரே கடைக்குப் போய் வாங்குங்கள். அதே பிரியாணிக்கு இரண்டு இடத்திலும் கடைசியாகக் கட்டும் தொகையை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

மளிகையில் 950. மாதப் பட்டியலை டப்பாக்களைத் திறந்து பார்த்த பிறகு எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதினால் இருக்கும் கடுகையே மறுபடி வாங்குவோம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே இரண்டுமே நூறைத் தாண்டும். வரும் தேதியை விசாரித்து வைத்துக்கொண்டு விடாமல் வாங்குங்கள். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கும் ஊர் என்றால் வாரம் ஒருமுறை காலையில் போய்விடுங்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும்.

வேலையிடத்தில் இரண்டு டீயும் ஒரு வடையும் நாளுக்கு 40 ரூபாய். ஒரு டீயை மட்டும் வைத்துக்கொண்டால் 26 நாளுக்கு 650 மிச்சம். முழுக்க நிறுத்த வேண்டாம். நண்பர்களோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தையும் பிடுங்கினால் மூன்றாம் வாரம் எல்லாம் உடையும். போன் ரீசார்ஜைத் தேவைக்கு ஏற்ற பேக்குக்கு மாற்றி, ஒரு ஓ.டி.டி.யை நிறுத்தினால் 500. மனைவியின் போக்குவரத்தை மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்துக்கு மாற்றி, வண்டி வேலைகளை ஒரே சுற்றாகச் சேர்த்தால் பெட்ரோலில் 600.

சிகரெட், மது இருக்கும் வீட்டில் இந்தப் பட்டியலையே மாற்றி எழுத வேண்டும். நாளுக்கு நூறு ரூபாய் என்றால் மாதம் மூவாயிரம். வேறெந்த வெட்டும் அதற்கு ஈடாகாது.

மின்கட்டணத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் வீதம் உயர்ந்துவிடும், பில் சட்டென்று சில நூறு ரூபாய் குதிக்கும். கோடையில் நாற்பதாம் நாள் மீட்டரைப் பார்த்துவிட்டு ஏ.சி. நேரத்தைச் சரிசெய்தால் அந்தத் தாண்டலைத் தவிர்க்கலாம்.

வாரப் பணம்

சம்பளம் வந்த அன்றே செய்ய வேண்டியது இது. 42,000-இல் பழைய கடன் தவணைகள் 13,400, வெட்டி எடுத்த 4,500, வாடகை 7,500, மின்சாரம் கேஸ் பால் போன் வேன் 4,100, மளிகை 4,000, வருஷச் செலவு ஒதுக்கீடு 2,500. போக மிச்சம் 6,000 ரூபாய், வாரத்துக்கு ஏறக்குறைய 1,400.

இந்த 1,400-ஐ மட்டும் ஒவ்வொரு வாரமும் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காக இருக்கட்டும். போனில் யு.பி.ஐ. அந்தக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும், சம்பளக் கணக்கு இணைந்திருக்கக் கூடாது. மாற்றும் நாளை வியாழனாக வைப்பது எங்கள் சிபாரிசு. திங்களன்று மாற்றினால் வெள்ளிக்குள் தீர்ந்து, சனி ஞாயிறு கையைக் கடிக்கும். வியாழன் வந்தால் வார இறுதிக்குப் பணம் இருக்கும், வேலை நாட்களில் இறுக்கிப் பிடிப்பது எளிது. கணக்கில் பணம் தீர்ந்துவிட்டால் அடுத்த வியாழன்வரை காத்திருக்க வேண்டும். முதல் மாதம் இரண்டு முறையாவது தவறும். தவறினால் எதனால் தவறியது என்று நோட்டில் எழுதி, தொகையை நூறு ரூபாய் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள், முறையை விட்டுவிடாதீர்கள்.

மொய், பள்ளி, தீபாவளி

2,500 ரூபாய் ஒதுக்கீடு வந்த கணக்கு: பள்ளிக்கு 12,000, மொய்க்கு 10,000, தீபாவளிக்கு 8,000, மொத்தம் 30,000, பன்னிரண்டால் வகுத்தது. இதை முதல் மாதத்திலிருந்தே எடுத்துவைக்க வேண்டும். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் ஜூன் மாதம் மறுபடி கார்டைத் தேய்ப்பார்கள்.

மொய்யைக் குறைப்பது மானப் பிரச்சினையாகப் படும். மொய் நோட்டை எடுத்து, நமக்கு வந்த தொகையைத் திருப்பிச் செய்ய வேண்டிய வீடுகளை மட்டும் முதலில் குறியுங்கள். அது ஒருவகையில் நாம் தர வேண்டிய பாக்கி, அதில் கை வைக்கக் கூடாது. மற்ற அழைப்புகளுக்கு ஒரே அளவு தொகை என்று வீட்டில் முடிவு செய்து அதோடு நின்றுவிடுங்கள். போகும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுத் துணி என்பதை விட்டாலே பாதி சுமை இறங்கும்.

நகைக் கடனை இடம் மாற்றுதல்

80,000-க்கு இரண்டு வட்டியில் மாதம் 1,600 போகிறது. அதே நகையை ஆண்டுக்கு 10 சதவீதம் அளவில் கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ வைத்தால் மாதம் 667. வாழ்க்கை முறையில் எதையும் மாற்றாமல் 933 ரூபாய் கிடைக்கிறது. தடை ஒன்றுதான்: அடகுக் கடையில் மீட்க முதலில் முழுப் பணம் வேண்டும். வீட்டில் வேறு நகை இருந்தால் அதை வங்கியில் வைத்துப் பணம் எடுத்து, அடகு நகையை மீட்டு, அதை வங்கியில் வைத்து முதல் நகையைத் திருப்பிவிடலாம். இல்லையென்றால் சொந்தத்தில் இரண்டு நாளுக்கு மட்டும் கேட்டு, வங்கியில் பணம் வந்த அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தங்கம் விலை ஏறியிருப்பதால் பழைய அடகு நகைக்கு வங்கியில் கூடுதல் தொகை கிடைக்கலாம். 1,40,000 கிடைத்தால் அடகையும் மீட்டுக் கார்டையும் முடித்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 4,078 ஆக இருந்த வட்டி 1,167 ஆகும். கணக்கில் இது மிக நல்ல வழி. ஆனால் கார்டு பாக்கி தீர்ந்த அன்றே கார்டை மூட விண்ணப்பிக்கத் துணிவு இருந்தால் மட்டும் செய்யுங்கள். கார்டைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருஷத்தில் நகைக் கடனும் நிற்கும், கார்டிலும் புதுப் பாக்கி ஏறியிருக்கும். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதால் கெடு தேதியை வீட்டுக் காலண்டரில் ஒரு மாதம் முன்பே குறித்து வையுங்கள்.

எதை முதலில் அடைப்பது

முதல் மூன்று மாதத்தின் 4,500-ஐக் கடனில் போடாதீர்கள். 13,500 ரூபாய் அவசரப் பணமாக வேறு கணக்கில் நிற்கட்டும். காய்ச்சல், வண்டி டயர், ஊரில் துக்கம் என்று ஏதாவது வரும். அப்போது கையில் ஒன்றும் இல்லையென்றால் மறுபடி தண்டல்காரரிடம்தான் நிற்போம்.

தண்டலுக்கு வட்டி அதிகம் என்றாலும் முன்கூட்டிக் கட்டுவதில் பெரும்பாலும் லாபம் இல்லை. வட்டியை முன்பே பிடித்துவிட்டார்கள், சீக்கிரம் கட்டினால் திருப்பித் தரமாட்டார்கள். நூறு நாள் ஓட்டி முடியுங்கள். எழுபதாம் நாள் வாக்கில் “பாக்கியைக் கழிச்சிட்டுப் புதுசாத் தர்றேன்” என்பார்கள். அதற்கு மட்டும் இணங்கக் கூடாது.

தண்டல் தீர்ந்ததும் அந்த 3,000, வெட்டிய 4,500, நகை வட்டியில் மிஞ்சிய 933, கார்டுக்கு ஏற்கெனவே கட்டும் 3,000, ஆக மாதம் 11,400 ரூபாய்க்கு மேல் கார்டுக்குப் போகும். ஆறு மாதத்தில் கார்டு முடியும். பத்தாம் மாதம் முடிந்ததாக வைத்தால், அதே தொகையோடு நகை வட்டி 667-ம் சேர்ந்து நகைக்குத் திரும்பும், ஏழு மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். பிறகு மூன்று மாதத்தில் மச்சான் பணம். அதன்பின் பர்சனல் லோனின் கடைசிச் சில தவணைகள். 22-ஆம் மாதத்துக்குள் மூன்று லட்சமும் தீர்கிறது. 4,500 ரூபாய் தனியாக இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு கடன் முடியும்போதும் அதன் தவணை அடுத்த கடனுக்கு நகர்ந்ததால் முடிந்தது. ஒரு தவணை முடிந்த சந்தோஷத்தில் அந்த மூவாயிரத்தைச் செலவில் சேர்த்துக்கொண்டால் கடன் தீரும் நாள் தள்ளிப்போகும்.

கட்ட முடியாத மாதம்

வாடகை, சாப்பாடு, மருந்து, பள்ளி, மின்சாரம் முதலில். பிறகு ஏல ஆபத்துள்ள கடன். பிறகு மற்றவை. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கியும் கடன் கொடுத்த நிறுவனமும் தனித்தனியே அபராதம் போடும். ஆகவே தேதிக்கு முன்பே பேசித் தவணைத் தேதியை மாற்றவோ காலத்தை நீட்டவோ எழுத்தில் கேளுங்கள். “பாதி கட்டுங்கள், செட்டில் செய்கிறோம்” என்பதைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். கடன் வரலாற்றில் அது “செட்டில்டு” என்று பதிவாகும், பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது தடுக்கும்.

வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448. கடன் செயலி போன் தொடர்புப் பட்டியலை எடுத்து மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடும் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்கலாம். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் யு.பி.ஐ. பதிவோ கையெழுத்தோ வைத்திருப்பவருக்கே அந்த மனு வேலை செய்யும். அதனால் வெளி வட்டிக்குக் கையில் பணமாகக் கட்டாதீர்கள்.

கடைசித் தவணை கட்டிய வாரம்

கடன் தீர்ந்ததும் தாள்களைத் திரும்ப வாங்கும் வேலை இருக்கிறது. தனியாரிடம் கொடுத்த புரோநோட்டு, வெற்றுக் காசோலை, வெற்றுப் பத்திரம் எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக் கிழித்துவிடுங்கள். வங்கியில் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்குங்கள். நகையை அங்கேயே எடை போட்டு, சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். கார்டை மூட எழுதிக் கொடுத்து, பாக்கி எதுவும் இல்லாதிருந்தால், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். முடித்த கடன் “குளோஸ்டு” என்று வராமல் இன்னும் நிலுவையாக நின்றால், சான்றிதழை இணைத்து சிபில் இணையதளத்திலேயே திருத்தம் கேட்கலாம்.